பழைய லெப்டொப்பைக் குறைந்த செலவில் புதுப்பித்தல்: மலையக வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

பொத்தானை அழுத்திவிட்டு, அடுப்பில் தண்ணீர் வைத்து, தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடித்த பிறகுதான் திரை வேலைக்குத் தயாராகிறது என்றால், அந்த லெப்டொப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. 2012 முதல் 2018 வரை வந்த லெப்டொப்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் நல்ல புரொசசர், அதாவது கணக்குப் போடும் மூளை, இருக்கிறது. அதற்குத் தீனி போடும் ஹார்ட் டிஸ்க்தான் தள்ளாடுகிறது. உயர்தரம் படிக்கிற பிள்ளையின் பாடக்குறிப்பு, சூம் வகுப்பு, ஆசிரியரின் வினாத்தாள், கடைக் கணக்கு போன்ற வேலைகளுக்குச் சரியான இரண்டு பாகங்களை, அதாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பையும், ஓடுகிற வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகமான ரேமையும் மாற்றினாலே போதும், இன்னும் நாலைந்து வருடம் ஓடும்.

எந்தப் பாகம் என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்னால் வீட்டிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ போய்வர ஒரு நாள் வேலை போய்விடுகிறது. தப்பான ரேமை வாங்கி வந்தால் இன்னொரு நாளும் போகும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, டவுனுக்குப் புறப்படுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

லெப்டொப்பை ஆன் செய்து, ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். 'பெர்ஃபோமன்ஸ்' பகுதிக்குப் போய், வழக்கமாகச் செய்கிற வேலையைச் செய்துகொண்டே சி.பி.யு. (புரொசசர்), மெமரி (ரேம்), டிஸ்க் என்ற மூன்று வரைபடங்களையும் பாருங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றால், எஸ்.எஸ்.டி. தேவை. மெமரி 85 சதவீதத்தைத் தாண்டி நின்று, பிரவுசரில் நாலாவது பக்கத்தைத் திறக்கும்போது எல்லாம் உறைந்தால், ரேம் தேவை. இரண்டும் சும்மா இருக்க, சி.பி.யு.வின் வேகம் மட்டும் 0.8 கிகாஹேர்ட்ஸ் அளவிலேயே முடங்கிக் கிடந்தால், வேறு கதை: சூடு அல்லது சார்ஜர். மின்விசிறி இரைந்து, அடிப்பக்கம் கை வைக்க முடியாமல் கொதித்தால் சூடு. டெல் லெப்டொப்களில் சார்ஜர் முனையின் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். சார்ஜர் எத்தனை வாட் என்பதை லெப்டொப்புக்குச் சொல்வது அந்த ஊசிதான். அது உடைந்தாலோ, அதன் கம்பி அறுந்தாலோ, பெட்டரி ஏறாது. லெப்டொப்பும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சார்ஜரை மாற்றினால் தீர்கிற இந்தக் கோளாறுக்கு ரேமும் எஸ்.எஸ்.டி.யும் வாங்கிப் போட்டால் பணம்தான் வீண்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்பவர்கள் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். 'கோஷன்' என்று மஞ்சளிலோ 'பேட்' என்று சிவப்பிலோ காட்டினால் வேறு எதையும் செய்யாமல், முதலில் பிள்ளைகளின் படங்களையும் ஆவணங்களையும் வெளியே எடுங்கள். சாகப்போகிற டிஸ்க் நாள் சொல்லிவிட்டுச் சாவதில்லை.

பணம் போடக்கூடாத லெப்டொப்

புரொசசரின் பெயரைப் பாருங்கள். ஐ5-3210 என்றால் 3ஆம் தலைமுறை, ஐ5-6200 என்றால் 6ஆம் தலைமுறை, ஐ5-8250 என்றால் 8ஆம் தலைமுறை. நாலு இலக்கத்தில் முதல் இலக்கம்தான் தலைமுறை. 2ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்திய ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் செலவுக்குத் தகுதியானவை. கோர் 2 டியூவோ என்றால், கையில் ஏற்கெனவே கிடக்கிற பாகங்களைப் பூட்டலாம், கடையில் புதிதாக வாங்காதீர்கள்.

இன்டெல் எட்டம் கொண்ட சின்ன நெட்புக், 32 ஜி.பி. சேமிப்பு போர்டிலேயே ஒட்டப்பட்டு ரேமும் 2 ஜி.பி.யாக ஒட்டப்பட்டிருக்கிற மலிவு லெப்டொப், இரண்டையும் விட்டுவிடுங்கள். அவற்றில் மாற்றுவதற்கு எதுவுமே இல்லை. மதர்போர்ட் ஒரு முறை ரிப்பேராகி வந்ததும், கீல் உடைந்து மேல்மூடி பிளந்ததும் அப்படித்தான்.

நாங்கள் சொல்லும் அளவுகோல் இது: தேவைப்படும் பாகங்களின் மொத்த விலை, அதே மாதிரி நல்ல நிலையிலுள்ள ஒரு பாவித்த லெப்டொப்பின் விலையில் மூன்றில் ஒன்றுக்குள் இருக்க வேண்டும். பாதியைத் தொட்டால் யோசியுங்கள். தாண்டினால் பாவித்ததையே வாங்குங்கள்.

டவுனுக்குக் கொண்டுபோக வேண்டிய தாள்

லெப்டொப்பின் முழு மாடல் இலக்கம் அடிப்பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கும். 'பெவிலியன்', 'இன்ஸ்பைரன்' என்று மட்டும் கடையில் சொன்னால் பிரயோசனமில்லை. அந்தப் பெயரில் நூறு மாடல்கள் வந்திருக்கின்றன. எழுத்தும் எண்ணும் கலந்த இலக்கத்தை அப்படியே எழுதுங்கள். ஸ்டிக்கர் அழிந்திருந்தால் பெட்டரியைக் கழற்றிப் பாருங்கள், பல மாடல்களில் அதன் கீழே இன்னொன்று இருக்கும். அந்த இலக்கத்தோடு 'சேர்விஸ் மெனுவல்' என்று தேடினால், எந்த ஸ்க்ரூ எங்கே என்று படத்தோடு காட்டும் கையேடு டெல், எச்.பி., லெனோவோ மூன்றுக்கும் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும். போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருளில் 'எஸ்.பி.டி.' பக்கத்தைத் திறந்து, எத்தனை ரேம் ஸ்லொட் (ரேமைச் செருகும் இடம்), எதில் எத்தனை ஜி.பி., எந்த வகை என்று குறியுங்கள். அடிமூடியைக் கழற்ற முடிந்தால் ரேம் ஸ்டிக்கரையும் ஹார்ட் டிஸ்க்கையும் பெட்டரி இலக்கத்தையும் தெளிவாகப் படமெடுங்கள். சார்ஜரின் வோல்ட்டும் அம்பியரும் தாளில் ஏறட்டும். இந்தத் தாள் கையில் இருந்தால், கடைக்காரர் 'இதுவும் சரிவரும்' என்று தள்ளிவிடுவதை மறுத்துப் பேச உங்களுக்கு ஆதாரம் இருக்கிறது.

டவுனில் கிடைக்காத பாகங்களுக்குக் கண்டி, அதுவும் இல்லையென்றால் கொழும்பு பம்பலப்பிட்டியின் யூனிட்டி பிளாசா. நேரில் போகாமல் கூரியரில் எடுப்பதாக இருந்தால் வொரன்டி எத்தனை மாதம், மாற்றித் தருவதற்கான கூரியர் செலவு யாருடையது என்ற இரண்டையும் பணம் அனுப்பும் முன்னர் எழுத்தில் வாங்குங்கள்.

எஸ்.எஸ்.டி.: முதல் பணம் இதற்கே

இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், ரேமை விட்டுவிட்டு எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். காரணம் சாதாரணமானது. நிமிடத்துக்கு 5400 தடவை சுழலும் தட்டின் மேல் ஒரு ஊசி அங்குமிங்கும் ஓடித்தான் ஹார்ட் டிஸ்க் வாசிக்கிறது. தொடர்ச்சியான பெரிய ஃபைல் என்றால் வினாடிக்கு 100 எம்.பி. அளவில் வாசிக்கும். விண்டோஸ் தொடங்கும்போது தேவைப்படுவதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகள்; அப்போது அதன் வேகம் வினாடிக்கு 1 எம்.பி.க்கே வந்துவிடும். எஸ்.எஸ்.டி.யில் ஓட ஊசி இல்லை. ஹார்ட் டிஸ்க்கின் அதே சாட்டா இணைப்பில் பூட்டும் எஸ்.எஸ்.டி. பெரிய ஃபைலை வினாடிக்கு 500 எம்.பி. அளவில் வாசிக்கும். சின்னத் துண்டுகளிலும் ஹார்ட் டிஸ்க்கைவிடப் பல மடங்கு வேகம். மூன்று நிமிடத் தொடக்கம் அரை நிமிடத்துக்குள் முடிவது இதனால்தான்.

எதை வாங்குவது? 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் இருக்கும் லெப்டொப்புக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. 240 அல்லது 256 ஜி.பி. போதும். 120 ஜி.பி. விலை கொஞ்சம்தான் குறைவு, ஆறு மாதத்தில் நிரம்பிவிடும். எஸ்.எஸ்.டி.யின் தடிப்பு 7 மில்லிமீட்டர். பழைய ஹார்ட் டிஸ்க் பல லெப்டொப்களில் 9.5 மில்லிமீட்டர். நாலு பக்கமும் ஸ்க்ரூ போட்டுப் பிடிக்கும் தகரச் சட்டம் இருந்தால் இந்த வித்தியாசம் பிரச்சினையில்லை. சட்டமில்லாமல் செருகும் வகையில், மீதி 2.5 மில்லிமீட்டருக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்பேசர் தேவை. பெட்டிக்குள் வராவிட்டால் கடையில் கேளுங்கள்.

பபிள்கம் துண்டு மாதிரி நீளமான எம்.2 வகை எஸ்.எஸ்.டி.யில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எம்.2 என்பது வடிவம் மட்டும். அதே வடிவத்தில் சாட்டாவும் உண்டு, அதைவிட வேகமான இணைப்பு வகையான என்.வி.எம்.இ.யும் உண்டு. சாட்டா எம்.2வின் தங்க முனையில் பெரும்பாலும் இரண்டு வெட்டு, என்.வி.எம்.இ.யில் பெரும்பாலும் ஒன்று. சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லொட்டில் என்.வி.எம்.இ. வேலை செய்யாது. ஸ்லொட் எந்த வகை என்பதைச் சேர்விஸ் மெனுவலில் பார்த்து உறுதிசெய்யாமல் எம்.2 வாங்காதீர்கள்.

பெயர் தெரியாத 1 டி.பி., 2 டி.பி. எஸ்.எஸ்.டி. நம்ப முடியாத விலைக்குப் போனில் விளம்பரமாக வந்தால், அது பெரும்பாலும் உள்ளே சின்ன மெமரி கார்டை ஒட்டி, கொள்ளளவைப் பொய்யாகச் சொல்ல வைத்த பெட்டி. கொஞ்சம் எழுதும்வரை நன்றாக இருக்கும், பிறகு முன்னால் எழுதியதையே அழித்துக்கொண்டு போகும். வாங்கிய எந்த எஸ்.எஸ்.டி.யையும் விண்டோஸ் போடுவதற்கு முன்னால் எச்-2-டெஸ்ட்-டபிள்யூ என்ற மென்பொருளால் முழுக்க எழுதி வாசித்துச் சோதியுங்கள். யு.எஸ்.பி. சாட்டா கேபிள் ஒன்று இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். அந்தக் கேபிள் பிறகும் உதவும்.

இனி மாற்றும் வேலை.

1. விண்டோஸை ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுத்து அணையுங்கள். சாதாரணமாக அணைத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக அது அரைத் தூக்கத்தில் இருக்கும். பழைய டிஸ்க்கைப் பிறகு வேறு லெப்டொப்பில் போட்டு வாசிக்கும்போது சிக்கல் தரும்.

2. சார்ஜரைப் பிடுங்குங்கள். வெளியே கழற்றக்கூடிய பெட்டரி என்றால் கழற்றுங்கள். உள்ளே இருந்தால், மூடியைத் திறந்ததும் முதல் வேலை பெட்டரி வயரை போர்டிலிருந்து பிரிப்பது. பிறகு பவர் பொத்தானை 15 வினாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள்.

3. ஒரு வெள்ளைத் தாளில் லெப்டொப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதே இடத்தில் செலோடேப்பால் ஒட்டுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டையான இடத்தில் போட்டு முறுக்கினால் கீபோர்ட் பக்கம் புடைக்கும், சில சமயம் போர்டையே துளைக்கும். டி.வி.டி. டிரைவுக்குக் கீழும் ரப்பர் கால்களுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களை மறக்காதீர்கள். மூடி வரமாட்டேன் என்று அடம்பிடித்தால், ஒரு ஸ்க்ரூ இன்னும் மிச்சம் என்று அர்த்தம், பலம் காட்டாதீர்கள். பிளவில் பழைய டெலிபோன் கார்ட் அல்லது கிட்டார் பிக் நுழைத்து மெதுவாகச் சுற்றி வாருங்கள். கத்தி வேண்டாம்.

4. ஹார்ட் டிஸ்க்கின் தகரச் சட்டத்தைக் கழற்றி, எஸ்.எஸ்.டி.யை அதே சட்டத்தில் பூட்டி, கனெக்டரில் நேராகத் தள்ளுங்கள். மெல்லிய நாடாக் கேபிள் இருந்தால் அதன் கறுப்புத் தாழ்ப்பாளை நகத்தால் மேலே தூக்கிய பிறகே இழுக்க வேண்டும். நாடாவையே பிடித்து இழுத்தால் கிழியும்.

5. மூடியை முழுதாக மூடாமல், இரண்டு ஸ்க்ரூ மட்டும் போட்டு, பெட்டரியை இணைத்து, விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரையான பயோஸில் எஸ்.எஸ்.டி. தெரிகிறதா என்று பாருங்கள். அதற்கு ஆன் செய்ததும் அழுத்த வேண்டிய விசை எச்.பி.யில் எஃப்10, டெல்லில் எஃப்2, லெனோவோவில் எஃப்1 அல்லது எஃப்2, ஏசரிலும் ஏசுஸிலும் எஃப்2. தெரியவில்லை என்றால் கனெக்டர் சரியாக உட்காரவில்லை, அல்லது நாடாக் கேபிள் பழுதாகிவிட்டது. பத்து வருடப் பழைய லெப்டொப்பில் இரண்டாவது அடிக்கடி நடக்கும். பயோஸில் சாட்டா முறை 'ஏ.எச்.சி.ஐ.' என்று இருக்கட்டும்.

பழைய டிஸ்க்கை அப்படியே பிரதி எடுக்கலாமா, புதிதாக விண்டோஸ் போடலாமா என்று கேட்டால், புதிதாகப் போடுவதே மேல். பத்து வருடக் குப்பையும் வைரஸும் சேர்ந்து குடிவர வேண்டாம். லெப்டொப்போடு வந்த அசல் விண்டோஸ் என்றால் உரிமம் மதர்போர்டோடு ஒட்டியது, எஸ்.எஸ்.டி. மாற்றினாலும் அதே பதிப்பைப் போட்டு இணையத்தில் இணைத்தால் தானாகவே செயல்படும். பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யு.எஸ்.பி. பெட்டியில் போட்டால் வெளிச் சேமிப்பு கிடைத்துவிடும். டிஸ்க்கைப் பிடிக்கும் கேடி என்ற சட்டம் ஒன்று வாங்கி, டி.வி.டி. டிரைவ் இருந்த இடத்தில் பூட்டவும் முடியும். கேடி 9.5, 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிப்பில் வருவதால், டி.வி.டி. டிரைவை அளந்து தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

ஃபோமட் செய்வதற்கு முன் நம்மவர்கள் தவறாமல் மறக்கும் ஒன்று, பாமினி எழுத்துரு. பாடசாலை வினாத்தாள்களும் கோயில் நோட்டீஸ்களும் பாமினியில்தான் கிடக்கின்றன. விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் கோப்புறையிலிருந்து நீங்கள் பாவிக்கும் தமிழ் எழுத்துருக்கள் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நல்ல ஆவணம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

ரேம்: வாங்கும் முன் மூன்று கேள்வி

இன்றைய பிரவுசருக்கு 4 ஜி.பி. போதாது. 8 ஜி.பி. என்றால் சூம், வேர்ட், பத்துப் பக்கப் பிரவுசர் எல்லாம் சேர்ந்து ஓடும். பழைய லெப்டொப்பில் 16 ஜி.பி. போடுவது வீடியோ எடிட்டிங் மாதிரி வேலை செய்பவருக்கு மட்டுமே பயன்தரும்.

முதல் கேள்வி, வகை. டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 இரண்டிலும் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் மாறிப் பூட்ட முடியாது. சிக்கல் டி.டி.ஆர். 3க்கும் டி.டி.ஆர். 3 எல்லுக்கும் இடையில். பார்வைக்கு இரண்டும் ஒன்று, 204 முனைகள், ஒரே வெட்டு. முதலாவது 1.5 வோல்ட், இரண்டாவது 1.35 வோல்ட். 4ஆம் தலைமுறை லெப்டொப்கள் பொதுவாக 1.35 வோல்ட்டை மட்டுமே ஏற்கும், 1.5 வோல்ட் ரேமைப் பூட்டினால் திரை கறுப்பாகவே நிற்கும், லெப்டொப் பழுதாகிவிட்டதாகப் பயந்துவிடுவீர்கள். டி.டி.ஆர். 3 எல் ரேம் 1.5 வோல்ட்டிலும் ஓடும் என்பதால், சந்தேகமான இடத்தில் அதையே வாங்குவது பாதுகாப்பு. 6ஆம் தலைமுறையில் சில மாடலுக்கு டி.டி.ஆர். 3 எல், சிலவற்றுக்கு டி.டி.ஆர். 4. அங்கே தாளில் எழுதியதுதான் தீர்ப்பு.

இரண்டாவது, உச்ச அளவு. 1ஆம் தலைமுறை ஐ தொடர் மொத்தம் 8 ஜி.பி. வரை. 2ஆம், 3ஆம் தலைமுறைகளில் இரண்டு ஸ்லொட் இருந்தால் பொதுவாக 16.

மூன்றாவதைக் கடைக்காரரே பல நேரம் கவனிப்பதில்லை: சில்லுகளின் எண்ணிக்கை. 2, 3, 4ஆம் தலைமுறை லெப்டொப்புக்கு 8 ஜி.பி. டி.டி.ஆர். 3 ரேம் வாங்கினால், பக்கத்துக்கு 8ஆக மொத்தம் 16 கறுப்புச் சில்லுகள் இருக்க வேண்டும். மொத்தம் 8 சில்லு மட்டும் உள்ள 8 ஜி.பி. ரேமின் ஒவ்வொரு சில்லும் இரட்டை அடர்த்தி. அதை வாசிக்க 5ஆம் தலைமுறைக்கு முந்திய புரொசசருக்குத் தெரியாது. எண்ணிப் பார்த்து வாங்க அரை நிமிடம் போதும்.

ரேம் விலை 2025 பிற்பகுதியிலிருந்து உலகெங்கும் ஏறியிருக்கிறது. அதனால் பாவித்த ரேம் வாங்கத் தயங்காதீர்கள். ரேமில் தேயக்கூடிய பாகம் இல்லை. நல்லது வருடக்கணக்கில் நல்லதாகவே இருக்கும். ஒரு வார மாற்று உத்தரவாதம் மட்டும் கேளுங்கள், வந்ததும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் 86 மென்பொருளை இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் திருப்பிக் கொடுங்கள்.

பூட்டும்போது 30 பாகை சாய்வில் முனைகள் மறையும்வரை தள்ளி, பிறகு கீழே அமுக்கினால் இரண்டு பக்கக் கொக்கியும் 'டிக்' என்று பிடிக்கும். பங்குனி வெயிலில் கம்பளி ஸ்வெட்டரோடு உட்கார்ந்து ரேமைத் தொடாதீர்கள். ஸ்வெட்டரைக் கழற்றி வைத்து, இரும்புக் கட்டிலையோ தண்ணீர்க் குழாயையோ ஒரு முறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முதல் முறை ஆன் செய்ததும் ஒரு நிமிடம் வரை திரை கறுப்பாக இருக்கலாம், காத்திருங்கள். அதற்கும் மேல் போனால் கழற்றி, தங்க முனைகளைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, மறுபடி பூட்டுங்கள்.

சூடு, தூசி, அடுப்புப் புகை

மலையகத்துக் குளிரில் லெப்டொப் சூடாகாது என்று நினைப்பது தவறு. லயத்து வீடுகளில் விறகடுப்புக்கும் லெப்டொப்புக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு சுவர்தான், சில வீடுகளில் அதுவும் இல்லை. புகைக்கரியும் எண்ணெய்ப் பசையும் கம்பளி நூலும் சேர்ந்து, மின்விசிறிக்கும் வெப்பம் கடத்தும் செம்புத் தகடுகளுக்கும் இடையில் ஃபெல்ட் துணி மாதிரி படிந்துவிடும். வெளியிலிருந்து ஊதினால் இது போகாது, திறந்துதான் எடுக்க வேண்டும்.

மின்விசிறியைக் கழற்றி, இறக்கைகள் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, பெயின்ட் பிரஷால் துடையுங்கள். பசையாக இருந்தால் ஐசோபுரோபைல் அல்கஹால் தொட்ட காதுக்குச்சி. போன் ரிப்பேர் கடைகளில் அது இருக்கும். தண்ணீரும் மண்ணெண்ணெயும் வேண்டாம்.

சில்லுக்கும் வெப்பத் தகட்டுக்கும் நடுவே பூசியிருக்கும் தேர்மல் பேஸ்ட் ஐந்து வருடத்தில் காய்ந்து சுண்ணாம்பாகிவிடும். வெப்பத் தகட்டின் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எழுதியிருக்கும். கழற்றும்போது 4இலிருந்து 1க்கு, பூட்டும்போது 1இலிருந்து 4க்கு, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே ஸ்க்ரூவை முழுக்க இறுக்கினால் சில்லின் ஓரம் உடையும். பழைய பேஸ்டை அல்கஹாலால் சுத்தமாகத் துடைத்து, புதியதை அரிசி அளவு வைத்து, சில்லு முழுவதும் மெல்லியதாகப் பரப்புங்கள். அதிகம் பூசினால் குளிர்ச்சி கூடாது, குறையும். சாம்பல் நிற ரப்பர்ப் பட்டை இருக்கும் இடங்களில் பேஸ்ட் பூசாதீர்கள், அந்தப் பட்டையையே திரும்ப வையுங்கள்.

வேலை சரியாக நடந்திருந்தால் கடும் வேலையின்போதும் சூடு 85 பாகைக்குள் நிற்கும். அதன் பிறகு லெப்டொப்பைப் போர்வையின் மேல் வைத்துப் படம் பார்க்கும் பழக்கத்தை விட வேண்டும். அடிப்பக்கத் துவாரங்களைக் கம்பளி அடைத்தால் செய்த வேலை பாழ். ஒரு பலகைத் துண்டு போதும்.

பெட்டரியும் சார்ஜரும்

எப்போதும் கரண்டில் போட்டே பாவிப்பவருக்குப் புதிய பெட்டரி அவசியமில்லை, மின்வெட்டு வந்தால் வேலையைச் சேமிக்கப் பத்து நிமிடம் தாக்குப்பிடித்தாலே போதும். பெட்டரி இன்ஃபோ வியூ என்ற இலவச மென்பொருள், தயாரித்தபோது இருந்த கொள்ளளவையும் இப்போது இருப்பதையும் காட்டும். பாதிக்குக் கீழே போய், வெளியே கொண்டுபோகும் தேவையும் இருந்தால் மாற்றுங்கள். வாங்கும்போது பெட்டரியின் பாக இலக்கமும் வோல்ட்டும் பொருந்த வேண்டும். 10.8, 11.1 இரண்டும் ஒரே குடும்பம், ஒன்றுக்கு மற்றது சரிவரும். 14.4, 14.8 இன்னொரு குடும்பம். இரண்டு குடும்பத்தையும் கலக்காதீர்கள்.

டச்பேட் மேலே எழும்பி, மூடி சரியாக மூடாமல் இருந்தால் உள்ளே பெட்டரி ஊதியிருக்கிறது. அந்த நிமிடமே சார்ஜரைப் பிடுங்கி அணையுங்கள். ஊதிய பெட்டரியை ஊசியால் குத்தவோ அமுக்கவோ கூடாது. அடுப்பிலோ குப்பைக் குழியிலோ போட்டால் தீப்பிடித்து நச்சுப் புகை வரும். டவுனில் மின்னணுக் கழிவு எடுக்கும் கடையில் கொடுங்கள்.

சார்ஜருக்கு வோல்ட் சமமாக இருக்க வேண்டும், அம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும்போது லைன் கடைசி வீடுகளில் கரண்ட் மங்கும். அதற்குப் பயந்து ஸ்டெபிலைசர் வாங்க வேண்டாம். சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருந்தால் மங்கலை அது தாங்கும். தாங்காதது இடி. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இடிக்கும்போது சுவிட்சை அணைப்பது போதாது, சார்ஜரைப் பிளக்கிலிருந்தே பிடுங்குங்கள். ரவுட்டருக்கு வரும் தொலைபேசி வயரையும் சேர்த்துத்தான்.

விண்டோஸா, லினக்ஸா

விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தன. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் அநேகமாக 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அந்தத் தடையைச் சுற்றிப் போகும் வழிகள் உண்டு. ஆனால் அப்படிப் போட்டால் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்ற உறுதி கிடையாது. வங்கிக் கணக்குத் திறக்கும் லெப்டொப்புக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

7ஆம் தலைமுறையும் அதற்கு முந்தியதும் என்றால் விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் 22 போடுங்கள், பாரம் குறைந்த எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு. 2029 வரை புதுப்பிப்பு உண்டு, பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஃபைல் கிட்டத்தட்ட 3 ஜி.பி., இரவு நேர டேட்டாவில் இறக்கிக்கொள்ளலாம். 8 ஜி.பி. பென் டிரைவில் ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் எழுதி, தொடக்கத்தில் பூட் விசையை அழுத்துங்கள்: எச்.பி.யில் எஃப்9, டெல், லெனோவோ, ஏசரில் எஃப்12. நிறுவாமலேயே பென் டிரைவில் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சத்தம், கமரா மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள். தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என் பொதியைச் சேர்த்தால் இலங்கை ரெங்கநாதன் விசைப்பலகையும் தமிழ் 99உம் வரும். பென் டிரைவில் எடுத்து வைத்த பாமினி எழுத்துரு இங்கேயும் வேலை செய்யும்.

அலுவலக வேலைக்கு லிப்ரே ஒஃபிஸ் கூடவே வரும். ஆனால் பாடசாலையோ வேலைத்தளமோ விண்டோஸ் மென்பொருள் ஒன்றைக் கட்டாயப்படுத்தினால் லினக்ஸ் உங்களுக்குச் சரிவராது, அதை முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

பயோஸ் புதுப்பிப்பைத் தேவையில்லாமல் தொடாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் லெப்டொப் எழும்பாது. தவிர்க்க முடியாவிட்டால் பெட்டரி நிறைந்திருக்கும்போது, மழையில்லாத காலையில் செய்யுங்கள்.

சில்லறைக் கோளாறுகள்

ஒவ்வொரு முறையும் திகதி தவறாகி, இணையப் பக்கங்கள் 'பாதுகாப்பற்றது' என்று எச்சரித்தால், போர்டிலுள்ள சி.ஆர். 2032 என்ற காசு வடிவப் பெட்டரி தீர்ந்துவிட்டது. சில லெப்டொப்களில் அது வயரோடு வரும், அதே மாதிரி பார்த்து வாங்குங்கள். வைஃபை பழுதானால் உள்கார்டை மாற்றுவதைவிட ஒரு சின்ன யு.எஸ்.பி. வைஃபை வாங்குவது லேசு; பழைய எச்.பி., லெனோவோ சிலவற்றின் பயோஸ் தன் பட்டியலில் இல்லாத உள்கார்டை ஏற்காது. அறைகளுக்கு நடுவே கருங்கல் சுவர் இருந்தால் வைஃபையின் 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையைவிட 2.4 நன்றாக ஊடுருவும்.

ஈரம் தனிப் பிரச்சினை. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வைகாசியிலிருந்து வட்டவளை, கினிகத்தேன பக்கம் மாதக்கணக்கில் துணி காயாது. பூட்டி வைத்த லெப்டொப்பின் உள்ளேயும் பூஞ்சை பிடிக்கும். அந்தக் காலத்தில் வாரத்துக்கு இரண்டு முறையாவது ஒரு மணித்தியாலம் ஓட்டுங்கள், உள்சூடே ஈரத்தை விரட்டும். பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மாதம் ஒரு முறை வெயிலிலோ சூடான தோசைக்கல்லின் பக்கத்திலோ வைத்து உலர்த்தி மறுபடி போடுங்கள். நுவரெலியாக் குளிரிலிருந்து கொழும்பு வெக்கைக்குப் போனால், பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் வைத்திருந்து, பிறகு ஆன் செய்யுங்கள். குளிர்ந்த போர்டில் கடலோரக் காற்று பட்டதும் கண்ணாடி டம்ளரில் மாதிரி தண்ணீர் முத்துக் கட்டும். அந்த நிலையில் பொத்தானை அழுத்தினால் புதிதாகப் போட்ட ரேமும் எஸ்.எஸ்.டி.யும் சேர்ந்து போய்விடலாம்.